சுவருக்கு அந்தப் பக்கத்து வாளி

ஐந்து மணிக்கு வருகிறேன் ஆன்ட்டி, ஒரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் விக்ராந்த். இப்போது மணி மூன்றேகால். தேவகுஞ்சரி கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசைமேல் அந்தக் காகிதம். ஃபேன் காற்றில் பறந்துவிடக் கூடாதென்று அவனே சர்க்கரை டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். என்ன அக்கறை, என்ன பதவிசு. வந்தால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான், தண்ணீர் கொடுத்தால் டம்ளரைத் திருப்பிக் கொண்டுபோய் அடுப்படியில் வைப்பான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஒரு முரடன் வந்து மிரட்டினால் போடா என்று கதவைச் சாத்திவிடலாம், நல்ல பிள்ளையை என்ன செய்வது. பக்கத்து வீட்டில் கல் அறுக்கும் மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே நிற்கும், அப்பாடா நின்றது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்துக் கடைவாய்ப் பல் வரைக்கும் கூசும். பக்கத்து வீடு என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. அது வீடு இல்லை, விக்ராந்த் வாங்கிவிட்டான், ஆவணி பிறந்தால் காபிக்கடை. பெயர்கூட வைத்தாகிவிட்டது, அரைக்கிணறு. இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். கொல்லைப்புறத்து நடுச்சுவர் கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு கருங்கல் உத்தரத்தின்மேல் ஏறிப் போகிறது, அந்தப் பக்கம் பாதி வட்டம், இந்தப் பக்கம் பாதி வட்டம், கீழே தண்ணீருக்குச் சுவர் கிடையாது. இப்போது அந்தச் சுவரை இடித்து, அவளுடைய பாதியையும் சேர்த்து முழு வட்டமாக்கி, மேலே கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கு வைக்க வேண்டுமாம். பாதியாக இருந்தால் போட்டோவில் நன்றாக இல்லை ஆன்ட்டி என்றான். அப்புறம் எதற்கு அரைக்கிணறு என்று பெயர் வைத்தாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அழகாக ஒரு பதில் சொல்வான், அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கிணற்றுக்குப் பதிலாக மொட்டை மாடியில் பெரிய டேங்க், மோட்டார், குழாய் எல்லாம் அவன் செலவு. இந்த வயதில் நீங்க ஏன் தண்ணி இழுக்கணும் என்றான். வயது ஐம்பத்தொன்பது. முழங்காலுக்கு மட்டும் எண்பது இருக்கும்.

முத்தியால்பேட்டையில் பொன்னப்ப முதலி தெருவுக்கு வாழ்வு வந்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. அவள் கல்யாணமாகி வந்தபோது தெருவில் இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டிலும் குடித்தனம். அப்புறம் ஒவ்வொருவராக அண்ணா நகர், முகப்பேர் என்று கிளம்பினார்கள். காலி செய்த வீட்டுக்கு ஷட்டர் போட்டுப் பிளாஸ்டிக் வாளி கிடங்கு, அட்டைப்பெட்டி கிடங்கு, இரும்புக் கம்பி கிடங்கு. பகலெல்லாம் மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியுமாக அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு ஆட்டோ உள்ளே வராது, பிரசவ வலி எடுத்தபோது அவளே தெருமுனை வரைக்கும் நடந்துதான் போனாள். அங்கேயா இருக்கே இன்னும், என்று கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அதே உறவுக்காரர்களின் பிள்ளைகள் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி போட்டுக்கொண்டு பழைய தெரு பார்க்கக் கூட்டமாக வந்து எங்க தாத்தா வீடு இங்கதான் இருந்துச்சு என்று ஷட்டரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மண்ணடியில் மெட்ரோ வந்தது. தார் ரோட்டைப் பெயர்த்துக் கருங்கல் பதித்தார்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, நடந்தால்தான் முழங்கால் கேட்கிறது. பழைய காலத்து மாதிரி விளக்குக்கம்பம் புதிதாக நட்டார்கள். அட்டைக் கிடங்குச் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கிழவி படம் எழுதினார்கள், பாவம் அந்தக் கிழவிக்குச் சிரிப்பு நிற்பதே இல்லை, மழையிலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவள் வாசலில் வந்து நின்றது. காதில் மைக் மாட்டிய பெண் இது நூத்திப் பத்து வருஷப் பழைய வீடு, மேல இருக்கிற மரவேலையைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேவகுஞ்சரி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கொடியண்டைதான் நின்றாள். யாரோ ஒருவன், கண்ணாடி போட்டவன், இங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களா என்று கேட்டான். அவளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். அந்தப் பெண் அவசரமாக, இருக்காங்க இருக்காங்க, அம்மா, அப்படியே நில்லுங்கம்மா ஒரு போட்டோ என்றாள். அவளும் அப்படியே நின்றாள். நில் என்றால் நிற்பது, போடு என்றால் போடுவது. கையிலிருந்த ஈரப் பாவாடையின் நாடா முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. போட்டோவில் அதுவும் விழுந்திருக்கும்.

மெஷின் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். எதற்குத் தீட்ட வேண்டும், அங்கே யார் இருக்கிறார்கள், மேஸ்திரியும் சித்தாளும்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அந்தப் பக்கம் சத்தம் அடங்கினால் அடுத்தாற்போல ஒரு குரல் வரும் என்று காதுக்கு ஒரு நினைப்பு. வாளி விடறேன்க்கா. பக்கத்து வீட்டு ஜைத்தூனின் குரல், கொஞ்சம் கட்டைக் குரல், தூங்கி எழுந்த குரல் மாதிரி எந்நேரமும். அதற்கு இவள் விடு என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவள் வாளியை இறக்குவாள். இவள் வாளி விடறேன் ஜைத்தூன் என்றால் அவள் விடுக்கா என்பாள். யார் போட்ட சட்டமோ, இவள் வருவதற்கு முன்பே இருந்தது. மாமியார் முதல் நாளே சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தாள், அந்தாண்டைலேர்ந்து பதில் வராம வாளி விடாதே, ரெண்டு கயிறும் பின்னிக்கிச்சுன்னா அவிழ்க்க ஆள் இறக்கணும். ஒரு தரம் அப்படி ஆகித்தான் எந்தக் காலத்திலோ இரண்டு குடும்பமும் ஆறு மாதம் பேசாமல் இருந்ததாம். அதனால் கேட்பது, பதில் வாங்குவது, பிறகு விடுவது. ஒரு நாளைக்குப் பத்து வாளி என்றால் பத்து தரம். அந்தப் பத்துக்கு நடுவில்தான் மற்ற எல்லாமே பேசினார்கள். என்னக்கா இன்னிக்குக் குரல் கம்முது. தலைவலி. பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா. விட்டுச்சு, நீ நோன்பு கஞ்சி குடிச்சியா. புருஷன் தணிகாசலம் செத்தபோதுகூட பதினாறு நாளும் கழிந்து அவள் முதல் முதலில் அழுதது கிணற்றண்டைதான், விடு என்று சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் ஜைத்தூன் வாளியை இறக்காமல் அப்படியே நின்றாள், அக்கா, அழுவுக்கா, நான் நிக்கிறேன் என்றாள், நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. புருஷன் விட்டுவிட்டுப் போய் அண்ணன்மார் வீட்டில் வந்து தங்கினவள் ஜைத்தூன். வெளியே அதிகம் வரமாட்டாள். வந்தாலும் கறுப்பு அங்கிதான், ஒரு தரம் தம்புச்செட்டித் தெருவில் எதிரே வந்து நின்று சிரித்திருக்கிறாள், இவளுக்கு யாரென்று தெரியவில்லை, என்னக்கா என்று அவள் வாயைத் திறந்த பிறகுதான் அடி நீயா என்று கையைப் பிடித்தாள். முகம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சித்திரையில் உச்சி வெயில் நேரே இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே சமயம் குனிந்தால் தண்ணீரில் தெரியும், இவளுக்கு அவள் முகம், அவளுக்கு இவள் முகம், தலைகீழாக. என்னக்கா தலை நரைச்சிடுச்சு என்று அதில் பார்த்துத்தான் சொன்னாள். அவளே முதலில் பார்த்துச் சொன்னாள், வீட்டுக் கண்ணாடி சொல்வதற்கு முன்னால்.

போன் அடித்தது. தினகர். பிள்ளை கேளம்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறான், அங்கே போனால் அவளுக்குத் தலை சுற்றுகிறது, அதைச் சொன்னால் பழகிடும்மா என்கிறான். "கையெழுத்து போட்டுட்டியாம்மா?" என்றான் எடுத்தவுடனே. "அஞ்சு மணிக்கு வரான்" என்றாள். "அதுக்குள்ள படிச்சு வச்சிக்க. நல்ல ஆளும்மா அவரு, நான் பேசினேன். டேங்க் வெச்சுக் குடுத்துடுறாரு. அந்தக் கிணத்துல நீ எந்தக் காலத்துல தண்ணி எடுக்கிற, நீயே சொல்லு?" அவள் சர்க்கரை டப்பாவின் மூடியைத் திருகினாள். "அம்மா? லைன்ல இருக்கியா?" "இருக்கேன்." "என்ன யோசனை?" "யோசனை ஒண்ணுமில்ல, முழங்கால் வலி." அவனிடம் எதற்கும் அதுதான் பதில், வசதியான பதில். அவன் தைலம் பெயர் ஒன்று சொன்னான், ஆன்லைனில் அனுப்புகிறேன் என்றான், வைத்துவிட்டான். அவன் சொன்னது நிஜம்தான், பதினாலு மாதமாக அவள் கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, ஒரு ஆளுக்குத் தாராளமாகப் போதும். ராட்டினத்தில் கயிறு பாதி கிணற்றுக்குள் தொங்கியபடி விறைத்துக் கிடக்கிறது, வாளி காய்ந்து கிணற்றடி மேடையில் கவிழ்ந்து கிடக்கிறது. கேட்காமல் வாளியை விட முடியவில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான். இதில் பயம் என்ன இருக்கிறது என்று அவள் தன்னையே பலமுறை அதட்டிப் பார்த்தாயிற்று. பயம் இருக்கிறது. கேட்டுவிட்டுப் பதிலில்லாமல் நின்றால் அந்தப் பக்கம் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அதுதான் பயம்.

சர்க்கரை டப்பாவை நகர்த்திக் காகிதத்தை எடுத்தாள், கண்ணாடியைப் போட்டாள், கழற்றி வைத்தாள். முப்பது வருஷம் ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் அவளுக்கு இதுதான் வேலை, அச்சுக்குப் போகுமுன் படிப்பது. மணமகன் இந்தப் பக்கம், மணமகள் அந்தப் பக்கம், தகப்பனார் இனிஷியல், நாள், கிழமை, மண்டபம். எத்தனை ஆயிரம் கல்யாணம் அவள் கண் வழியாகப் போயிருக்கும். ஒருத்தியாவது இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாளா என்று அவள் பார்த்ததில்லை, அது அவள் வேலை இல்லை, பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்பதுதான் வேலை. போன வருஷம் வைகாசியில் ஜைத்தூனின் அண்ணன்கள் இரண்டு பேரும் கொண்டுவந்த காகிதத்தையும் அப்படித்தான் படித்தாள். மூத்தவர் இப்ராகிம் பாய் நின்றுகொண்டே இருந்தார், உட்காருங்க என்றாலும் உட்காரவில்லை, பரவால்லம்மா நீங்க பொறுமையா பாருங்க என்றார், அவ்வளவு மெதுவான குரல். வீட்டை விற்க வேண்டும், ஆனால் பழைய பத்திரத்தில் கிணறு பொது, இரு தரப்பாரும் ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் விற்கவோ மூடவோ கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறான். அதனால் அவள் கையெழுத்து வேண்டும். தன் பெயரைப் பார்த்தாள், தணிகாசலம் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறதா பார்த்தாள், கதவு எண் பார்த்தாள், தேதி பார்த்தாள். எல்லாம் சரி. போட்டாள். மத்தியானம் பன்னிரண்டரை மணி, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசனை அடிப்பிடிக்கிற வாசனையாக மாறிக்கொண்டிருந்தது, முழங்கால் விண்விண் என்றது, இரண்டு ஆண்பிள்ளைகள் கூடத்தில் நிற்கிறார்கள், போனால் போதும் என்று இருந்தது. இப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். குழம்பு, முழங்கால், பாய் நின்ற நிலை. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. இதற்கு அப்பால் போகவிடாமல் ஒரு கல் இருக்கிறது, அதில் இடித்துக்கொண்டு திரும்பிவந்து மறுபடி குழம்பிலிருந்து ஆரம்பிக்கிறாள். அந்தக் கல் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதற்கு ஐந்து நாள் முன்னால் ஜைத்தூன் கிணற்றண்டை நின்று, அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா என்றாள். கேளு. "அண்ணனுங்க காயிதம் எடுத்துக்கிட்டு உங்கிட்ட வருவாங்க. போட்டுடாதேக்கா. நீ போடாட்டி அவங்களால விக்க முடியாது, வக்கீலு சொல்லிட்டாராம். வித்தா என்னைப் பல்லாவரத்துல சின்னண்ணன் மாமியார் வூட்டு மாடியில போட்டுடுவாங்க. எனக்கு அங்க யாரு இருக்கா? சொல்லுக்கா, யாரு இருக்கா?" அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள், வெங்காயம் இருக்கா என்று கேட்கிற மாதிரி. இவள் சொன்னாள், போடமாட்டேன் ஜைத்தூன், நான் எதுக்குப் போடறேன், நீ தண்ணிய எடு. சொன்ன அந்தக் குரலை இப்போதும் அவளால் கேட்க முடிகிறது. எவ்வளவு தைரியமான குரல்.

தெரியாமலா போட்டாள். ஆட்சேபணை இல்லை என்ற இரண்டு வார்த்தையும் கண்ணில் பட்டது, பட்டபோது மனசுக்குள் ஜைத்தூன் என்று ஒரு முறை வந்தது, அது வந்ததும் சேர்ந்தாற்போல ஒரு அலுப்பும் வந்தது. போடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், கிணற்றடியில் பேசியதைச் சொல்ல வேண்டும், சொன்னால் ஜைத்தூனுக்கு வீட்டில் வசவு விழும், நாளைக்கு மறுபடி வருவார்கள், வக்கீல் வருவான், தினகரைக் கூப்பிடுவார்கள், அவன் கத்துவான், எத்தனை பேரிடம் எத்தனை நாள் நிற்பது. இத்தனையும் பேனா மூடியைத் திறக்கிற நேரத்துக்குள் ஓடியது. தெரிந்துதான் போட்டாள். சோர்ந்து போய்ப் போட்டாள். சோர்வுக்கு மன்னிப்பு உண்டா என்று யாரிடம் கேட்பது, கேட்க வேண்டியவள் பல்லாவரத்தில் மாடியில் இருக்கிறாள். பத்து நாளில் வீடு கைமாறியது. அந்தப் பத்து நாளும் இவள் கிணற்றண்டை போகவில்லை, குழாய்த் தண்ணீரையே வைத்துச் சமாளித்தாள். கடைசி நாள் காலையில், சாமான் ஏற்ற வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, அரிசி களைந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றலாமென்று கொல்லைப்பக்கம் போனாள். அப்போதுதான் அந்தக் குரல். வாளி விடறேன்க்கா. எப்போதும் போல, ஒரு மாற்றமும் இல்லாமல். இவள் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. விடு என்று சொன்னால் அடுத்தாற்போல அவள் ஏதாவது கேட்பாள், ஏன்க்கா போட்டே என்று கேட்பாள், கேட்காமலும் இருப்பாள், அது அதைவிட மோசம். வாளி விடறேன்க்கா, இரண்டாம் தரம். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டுவிடப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் நிற்கிறாள், வளையல் ஒரு தரம் கயிற்றில் உரசியது. அப்புறம் அக்கா, இருக்கியா என்றாள். அவ்வளவுதான். வாளி இறங்கவில்லை. பதில் வராமல் விடக் கூடாது, அவள் விடவில்லை, கடைசி நாளில்கூட விடவில்லை. செருப்புச் சத்தம் மெதுவாக உள்ளே போனது, வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அன்றைக்கு முழுக்க இவள் காது தண்ணீரில் வாளி விழுகிற அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. அது விழாமல் அவளுக்குத் தூக்கம் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

பல்லாவரத்து நம்பர் காலண்டரில் இருக்கிறது. இப்ராகிம் பாயிடம் கேட்டு வாங்கியதுதான். காலண்டர் வருஷம் முடிந்தும் மாட்டியபடியே இருக்கிறது, கிழித்தால் நம்பரும் போய்விடும், வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ளவில்லை. போனில் ஜைத்தூனிடம் பேசியதே இல்லை. ஹலோ என்று ஆரம்பிக்க வேண்டும், யார் என்பாள், குஞ்சரி என்று சொல்ல வேண்டும், எந்தக் குஞ்சரி என்று கேட்டுவிட்டால். ஐந்து மணிக்கு இந்தப் பிள்ளை வருவான். போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், சுவர் போய்விடும், கண்ணாடி வந்துவிடும், மேலே மேசை போட்டு உட்கார்ந்து ஒரு கூட்டம் காபி குடிக்கும், கீழே விளக்கு எரியும், கேட்கவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். நினைத்தால் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. போன முறையும் பேனாவைத் திறந்தபோது இதே நிம்மதிதான் வந்தது, இதே ருசி, வாய்க்குள் ஏதோ வெந்நீர் பட்ட மாதிரி. ஒரே ஒரு கையெழுத்து. எல்லாரும் ஒரே ஒரு என்றுதான் சொல்கிறார்கள். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள். பெயர் சரி. கதவு எண் சரி. தேதி சரி. கண் தானாகவே அந்த மூன்று இடத்துக்குத்தான் போகிறது, வண்டிமாடு மாதிரி. கரண்ட் போயிற்று. ஃபேன் இரண்டு சுற்றுச் சும்மா சுற்றி நின்றது, அந்தப் பக்கம் மெஷின் ஒரு இழுவை இழுத்து அடங்கியது, தெருவே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி ஆயிற்று. யாரோ மேஸ்திரி, மோட்டார் ஓடாது, கலவைக்குத் தண்ணி கெணத்துலேர்ந்து மொண்டாந்துடு என்று சொல்வது கேட்டது. வியர்த்தது. காற்றுக்காகக் கொல்லைக் கதவைத் திறந்தாள், காற்றுக்காகத்தான், படி இறங்கியபோது முழங்கால் முறுக்கிக்கொண்டது, கவிழ்ந்து கிடந்த வாளியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி மேடையில் உட்கார்ந்தாள். பதினாலு மாதப் பாசி காய்ந்து உள்ளங்கையில் உதிர்ந்தது.

"யாராச்சும் இருக்கீங்களாம்மா அந்தப் பக்கம்?"

பெண்குரல். இளம் குரல், வியாசர்பாடிப் பக்கத்துப் பேச்சு. தேவகுஞ்சரி சுவர்ப்பக்கம் திரும்பினாள். "கயிறு ஒண்ணு தொங்குது அங்க, மாட்டிக்கப் போவுது. யார்னா தண்ணி எடுக்கறீங்களா? நான் வாளி விடட்டா?" என்றது மறுபடி. யாரோ ஒரு சித்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இந்தச் சட்டம் அவளுக்குத் தெரியாது, தண்ணீர் இழுத்துப் பழகிய கை, அவ்வளவுதான், தானாகவே கேட்கிறது. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டதும் தெரிந்தது, இது அதே மூச்சு. அன்றைக்குப் பிடித்த இடத்திலேயே இன்றும் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கத்தில் ஒருத்தி கயிற்றோடு நிற்கிறாள், இன்னும் ஒரு நிமிஷம் போனால் அந்தப் பெண்ணும் செருப்பை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி திறந்தாள்.

"விடு" என்றாள்.

கயிறு சரசரவென்று இறங்கியது. வாளி தண்ணீரில் விழுந்தது. தட்டி, சாய்ந்து, ஒரு முறை முழுங்கி, நிரம்புகிற அந்தச் சத்தம் சுவருக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் ஏறி வந்தது. பதினாலு மாதம் காது காத்திருந்த சத்தம். அவளுக்கு நன்றாகவே அழுகை வந்தது, மூக்கை முந்தானையில் சிந்திக்கொண்டாள். அந்தப் பெண் எடுத்துட்டேம்மா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தளும்பத் தளும்பப் போனாள். மேஸ்திரி அங்கே யார்கிட்டடி பேசற என்றான், அதற்கு அவள் சொன்ன பதில் தூரத்தில் கேட்கவில்லை. கருங்கல் உத்தரத்துக்குக் கீழே தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. தேவகுஞ்சரி எட்டிப் பார்த்தாள். வெயில் சாய்ந்துவிட்டது, ஒரு முகமும் தெரியவில்லை.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஆன்ட்டி, என்றது நல்ல பிள்ளையின் குரல், ஆன்ட்டி, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன், கரண்ட் இல்ல அங்க வேலை ஓடல, கதவைத் திறக்கிறீங்களா, ஒரு நிமிஷம். திறக்க வேண்டும். எழுந்து போய்த் திறந்து, உட்காரு தம்பி என்று சொல்லி, பேனாவைத் தேட வேண்டும். கால் வாசல் பக்கம் திரும்பியும்விட்டது. பிறகு அவள் வாளியை நிமிர்த்திக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். விறைத்திருந்தாலும் கெட்டியாகத்தான் இருந்தது. மறுபடி தட்டினான்.

"கையெழுத்து கிடையாது, தம்பி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். இவ்வளவு சத்தம் தன் வாயிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. "போய்ட்டு வா. கிணத்தாண்ட ஆள் இருக்குது."

வாசலில் தட்டல் நின்றது. பிறகு செருப்பு மாட்டுகிற சத்தம், அதுவும் மரியாதையாகத்தான். நாளைக்கு வருவான், தினகர் கூப்பிட்டுக் கத்துவான், மறுபடி முழங்கால் வலி என்று சொல்ல வேண்டியிருக்கும், அல்லது வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராட்டினத்தில் கிடந்த கயிற்றை இழுத்து நேராக்கினாள். வாளியைக் கிணற்றின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"வாளி விடறேன், ஜைத்தூன்" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பதில் வராமல் விடக் கூடாது. கை கடுக்கக் கடுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.